முன்சக்கரத்து நடுக்கம்

லோரிஸ் ஆரஞ்சு நிற மேல்சட்டையை மாட்டிக்கொண்டு மூன்றாம் வளைவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்பதை இரண்டு தரம் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் நீவெஸ் நட்டுத் திருகும் சாவியைக் கையில் எடுத்தாள். காஸ்தெல்பொன்ஸோ என்ற ஊரின் ஓடுபாதையில் அது வழக்கம். தன் ஓட்டத்தை முடித்தவன் அடுத்த ஓட்டத்தில் ஏதாவதொரு வளைவில் நின்று, கவிழும் வண்டிகளைத் தூக்கி நிறுத்த வேண்டும். ஊர் மேயராக இருந்தாலும் சரி, தோற்றுப்போய் அழுகிற நிலையில் இருந்தாலும் சரி, தப்பிக்க முடியாது. அந்தப் புண்ணியத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நீவெஸுக்குக் கொஞ்ச நேரம் தனியாகக் கிடைத்தது. புருஷனை ஏமாற்ற அது தாராளம்.

வண்டி என்றால் ஏறி உட்காரும் வண்டி இல்லை. கைக்குழந்தை அளவுள்ள ரிமோட் வண்டி. ஆனால் பொம்மை என்று மட்டும் பாதையோரத்துப் பந்தயக் கூடாரங்களுக்குள் வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாது, கஞ்சி ஊற்ற ஆளில்லாமல் போய்விடும். வயிற்றில் நிஜமான இன்ஜின், நிஜமான புகை, மண்மேட்டிலிருந்து ஆள் உயரத்துக்குப் பாய்ச்சல். அதன் முன்சக்கரங்களைத் திருப்புவது தீப்பெட்டி அளவுள்ள ஒரு மோட்டார்ப் பெட்டி. அதன் பெயர் சர்வோ. உள்ளே பொடிப் பொடியாகப் பற்சக்கரங்கள். முன்சக்கரம் போய்ப் பாதையோரத்துக் குழாயில் மோதினால் அந்த அடி நேராக உள்ளே போய்ப் பற்களைச் சீவிவிடும். அப்படிப் போகாமலிருக்கப் பெட்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு ஸ்பிரிங் மூட்டு வைத்திருக்கிறார்கள், அதைச் சேவர் என்பார்கள். அடி விழும்போது ஸ்பிரிங் வளைந்துகொடுக்கும், பல் பிழைத்துக்கொள்ளும். அந்த ஸ்பிரிங்கின் தலையில் ஒரு நட்டு. இறுக்கினால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும், ஆனால் சர்வோவுக்கு ஆபத்து. தளர்த்தினால் சர்வோ பத்திரம், ஆனால் வண்டி பாதிச் சொல்லைக் காதிலேயே வாங்காது.

நீவெஸ் நட்டைத் தளர்த்தினாள். காலையில் தளர்த்தியது போதவில்லை என்று இன்னும் கொஞ்சம்.

யாராவது பார்த்துக் கேட்டிருந்தால் சர்வோவைக் காப்பாற்றத்தான் என்று சொல்லியிருப்பாள், நம்பியும் இருப்பார்கள். அவள் காப்பாற்ற நினைத்தது லோரிஸை. நட்டு இறுக்கமாக இருந்தால், வண்டி தரையில் சும்மா நிற்கும்போது முன்சக்கரங்கள் இடமும் வலமுமாக மெல்ல நடுங்கும். தளர்த்திவிட்டால் அந்த நடுக்கத்தை ஸ்பிரிங்கே விழுங்கிவிடும், சக்கரம் அசையாமல் நிற்கும். நடுக்கம் சர்வோவில் இல்லை. ரிமோட்டின் குமிழைப் பிடித்துச் சக்கரங்களைத் திருப்புகிற லோரிஸின் வலது கையில் இருந்தது. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், லோரிஸுக்கே தெரியாது.

தக்காளியை வேகவைத்துப் புட்டிகளில் அடைக்கும் வாரத்தில் அவளுக்கு அது தெரிந்தது. சமையலறை மேசையில் வண்டி சக்கரம் பலகையில் படாதபடி கட்டைமேல் உட்கார்ந்திருந்தது. சோபாவில் லோரிஸ், மடியில் ரிமோட், டிவியில் சைக்கிள் பந்தயம். முன்சக்கரங்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. "பாரேன், இந்தச் சர்வோவும் போச்சு," என்றான் அவன், மலையேறும் சைக்கிள்களிலிருந்து கண்ணை எடுக்காமல். நீவெஸ் ரிமோட்டைத் தன் கையில் வாங்கினாள். சக்கரங்கள் நின்றுவிட்டன. அவன் மடியில் திரும்ப வைத்தாள், அவன் கை தன்னால் அதைப் பற்றிக்கொண்டது, சக்கரங்கள் மறுபடி நடுங்கின. இன்னொரு தரம் வாங்கிப் பார்த்தாள். டைல்ஸ் தொழிற்சாலையில் ஓடுகிற பெல்ட்டில் முடியளவு கீறலைக் கண்டுபிடிக்கிற வேலை அவளுக்கு. தன் கண்ணைச் சந்தேகப்பட அவளுக்கு வழியில்லாமல் போயிற்று. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

அந்த நடுக்கத்தை அவளுக்கு ஏற்கெனவே தெரியும். மாமனார் ஏர்மெத்தேயின் கையில் வந்தது அதுதான். முதலில் ஒரு விரல், பிறகு கை, பிறகு கரண்டியிலிருந்து சூப் வாய்க்குப் போகாமல் சட்டைக்குப் போனது. கடைசிக் காலத்தில் லோரிஸ்தான் அப்பாவுக்கு ஊட்டிவிட்டான், ஒருநாள்கூட முகம் சுளிக்காமல். அடக்கம் முடிந்து வீடு திரும்பிய அன்று காரிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னான். "எனக்கு இது வந்தா எங்கிட்ட சொல்லிடாதே, நீவெஸ். தெரியாமலே இருந்துட்டுப் போறேன்." அவள் சரி என்றாள். அந்த நேரத்தில் யார்தான் வேறென்ன சொல்லியிருப்பார்கள்?

இப்போது அந்தச் சரி அவளைக் கட்டிப்போட்டிருந்தது. சீக்கிரம் டாக்டரிடம் போனால் நல்லது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவனுக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே நட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். பெரிய பயங்களுக்கு நடுவில் மனிதர்கள் இப்படித்தான் ஏதாவது சின்ன வேலையைப் பிடித்துக்கொள்கிறார்கள், அவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை.

"என்ன, சர்வோவுக்குக் குளிர்ஜுரம் விட்டுச்சா?"

நீவெஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்துக் கூடார நேரியோ. கையில் பன்றி இறைச்சித் துண்டைச் சுருட்டி வைத்த பொரித்த ரொட்டி, தாடையெல்லாம் எண்ணெய். நல்ல மனுஷன்தான், ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். லோரிஸும் அவனும் சேர்ந்து இந்த மண்ணில் வண்டி ஓட்ட ஆரம்பித்தவர்கள், அன்றிலிருந்து ஒருவன் தோற்றால் மற்றவனுக்கு அன்று இரவு நல்ல தூக்கம் வரும்.

"விட்டுடுச்சு, விட்டுடுச்சு. நீ முதல்ல வாயைத் தொடை."

"ஜுரம் விடலேன்னா சொல்லு, கம்பளி தர்றேன். ஏம்மா, உன் புருஷன் இந்த சீசன்ல எத்தனை சர்வோவைக் கொன்னிருப்பான்? குழாயைப் பார்த்தாலே போய் முட்டறான். முன்னாடி பம்பர்ல இன்னும் நல்ல தடியா ஃபோம் வைன்னு சொன்னேன், கேட்டானா?"

"வெச்சிருக்கான்."

"அவன் ஓட்டற லட்சணத்துக்குக் கட்டில் மெத்தையைக் கட்டினாலும் பத்தாது."

நேரியோவின் மருமகன் சில்வானோ பின்னாலிருந்து தலையை நீட்டினான். லோரிஸுக்கு நீவெஸ் போல, மாமனாருக்கு அவன்தான் மெக்கானிக். "சேவர் ஸ்பிரிங்கை மாத்திப் பாருங்க, நீவெஸ். பழசு களைச்சுப் போயிருக்கும். அடி முழுக்க சர்வோமேல இறங்கும். சும்மா நிக்கறப்பவே நடுங்குதுன்னா உள்ள ஏதோ வெடிச்சிருக்குன்னு அர்த்தம்."

"பாக்கறேன், சில்வானோ."

ஆளாளுக்கு வைத்தியம். லோரிஸும் அதை நம்பினான். அடிபட்டு அடிபட்டுத்தான் சர்வோக்கள் கெடுகின்றன என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. கழற்றிய பழையவற்றையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தான். போன வாரம் ஒன்றைத் திறந்து விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அடி உள்ள எங்கேயோ வாங்கியிருக்கு, வெளிய தெரியல," என்றான். நீவெஸ் ஆமா என்றாள். டப்பாவில் கிடந்த எல்லாமே ஆரோக்கியமாக இருந்தன. அந்த ஆமாவைச் சொல்லிவிட்டு அன்று இரவு அவளால் சாப்பிட முடியவில்லை.

அரையிறுதி ஓட்டம் ஆரம்பித்தது. ஓட்டுபவர்கள் எல்லாரும் ஏணி ஏறி மரமேடையில் வரிசையாக நின்றார்கள். மெக்கானிக்குகள் மேடைக்குக் கீழே, வண்டிகள் எண்ணெய் நிரப்ப வந்துபோகும் ஓடையில். நீவெஸுக்குப் பாதையைப் பார்க்கத் தெம்பில்லை. இருந்தாலும் பார்த்தாள். லோரிஸின் மஞ்சள் வண்டி நேர்ப்பாதையில் எல்லாரையும் போலத்தான் பறந்தது. வளைவு வந்ததும் மட்டும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத கிழவனைப் போலக் கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் திரும்பியது. நான்காம் வளைவில் திரும்பவே இல்லை. நேராகக் குழாயில் போய் மோதி மல்லாந்தது. வளைவில் நின்றவன் ஓடிவந்து நிமிர்த்தி வைத்தான். மேடையிலிருந்து லோரிஸ் கெட்ட வார்த்தையில் கத்தியது கீழே வரைக்கும் கேட்டது. அதற்கப்புறமும் இரண்டு தரம் மோதினான். கடைசிச் சுற்றில் முன்னால் போனவனின் எண்ணெய் தீர்ந்துபோக, லோரிஸ் கடைசி ஆளாக இறுதிப் போட்டிக்குள் நுழைந்தான்.

கீழே இறங்கி வந்தவன் முகத்தில் சந்தோஷத்தின் நிழல்கூட இல்லை. வண்டியை மேசைமேல் வைத்து, கட்டைவிரலால் முன்சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தான். சக்கரம் எதிர்ப்பே இல்லாமல் போயிற்று.

"இது என்னது? குழைஞ்சு போன பாஸ்தா மாதிரி இருக்கு."

நீவெஸ் துணியை எடுத்து ஏற்கெனவே துடைத்த இடத்தைத் துடைத்தாள்.

"நட்டை யார் தொட்டது?"

"நான்தான்."

"நீயா?"

"சர்வோ போகுது, சர்வோ போகுதுன்னு நீதானே புலம்பினே. தளர்த்தினா அடி கம்மியா இறங்கும்னு..."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" அவன் சாவியைப் பிடுங்கி நட்டை இறுக்க ஆரம்பித்தான். ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் வரைக்கும் இறுக்கினான்.

"லோரிஸ், அவ்வளவு வேண்டாம். முதல் மோதல்லயே பல்லு சிதறிடும்."

"சிதறட்டும். சிதறினா நான் போய் மோதினேன், அதனால சிதறுச்சுன்னு இருக்கும். இது நான் ஒரு பக்கம் திருப்பறேன், அது ஒரு பக்கம் போகுது." சாவியை மேசையில் எறிந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வயசாயிடுச்சோன்னு பயந்துட்டேன், தெரியுமா? மேல நின்னுட்டு, முடிஞ்சுதுடா லோரிஸ், கண்ணும் போச்சு, எல்லாம் போச்சுன்னு நினைச்சேன். கடைசில பார்த்தா இந்த நட்டு."

நீவெஸ் அவன் எறிந்த சாவியைத் துணியில் சுற்றி வைத்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இரண்டில் பயம்தான் பெரிது. இறுதிப் போட்டியின் தொடக்கக் கோட்டில் வண்டிகள் நிற்க வேண்டும். இறுக்கிய நட்டோடு நிற்க வேண்டும்.

மதியச் சாப்பாடு முடிந்து, காப்பி முடிந்து, ஒலிபெருக்கியில் பேர்களை வாசித்தார்கள். ஓட்டுபவர்கள் மேடை ஏறினார்கள். மெக்கானிக்குகள் இன்ஜின்களை உயிர்ப்பித்து, வண்டிகளைக் கோட்டில் கொண்டுபோய் வைத்து, பின்னால் குந்தினார்கள். நீவெஸ் மஞ்சள் வண்டியை இரண்டு கைக்கும் நடுவே பிடித்துக்கொண்டு கடவுளை வேண்டினாள். கேட்டது ஒன்றே ஒன்றுதான். சீக்கிரம் ஹாரனை அடித்துவிடட்டும்.

அடிக்கவில்லை. சுற்றுகளை எண்ணும் கருவி ஏதோ ஒரு வண்டியைக் காணவில்லை என்றது. போட்டியின் நடுவர் குவெர்ரீனோ மேடை மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். கருவியைத் தட்டினார், யாரையோ கூப்பிட்டார், ஒலிபெருக்கியில் "பொறுங்க, பொறுங்க" என்றார். வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றன. மேலே லோரிஸ் ரிமோட்டைப் பிடித்தபடி காத்து நின்றான்.

சக்கரங்கள் நடுங்க ஆரம்பித்தன.

இன்ஜின் உறுமும்போது வண்டியே அதிரத்தான் செய்யும். ஆனால் அது வேறு, இது வேறு. இடம், வலம், இடம், வலம் என்று முன்சக்கரங்கள் மட்டும் தனியாக மண்ணைச் சுரண்டின. அங்கே குந்தியிருந்த ஒருவருக்கும் அந்த வித்தியாசம் தெரியாமல் போகாது. நீவெஸ் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டு ஒரு சக்கரத்தை மூடினாள். இன்னொன்று வெளியே தெரிந்தது.

"நீவெஸ்!" பக்கத்தில் குந்தியிருந்த சில்வானோ இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினான். "உங்க சர்வோ போச்சு! பாருங்க!"

"தெரியும், தெரியும். சும்மா இரு."

சும்மா இருப்பானா? உதவி செய்கிறவர்களின் தொல்லை இதுதான். அவன் எழுந்து நின்று மேடையைப் பார்த்துக் கையை ஆட்டினான். குவெர்ரீனோ கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். ஒலிபெருக்கி கரகரத்தது.

"மஞ்சள் வண்டி, என்ன அது? ரேடியோ தொந்தரவா? லோரிஸ், ரிமோட்டை இங்க கொடு, பாக்கறேன்."

அதுவும் அந்த ஓடுபாதையின் சட்டம். கோட்டில் நிற்கும்போதே சக்கரம் தானாக ஆடினால், நடுவர் ரிமோட்டைத் தன் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் வண்டியை விடுவார். ஒரு வருஷம் கட்டுப்பாடு இழந்த வண்டி ஒருத்தியின் கணுக்காலை உடைத்ததிலிருந்து குவெர்ரீனோ இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

என்ன நடக்கும் என்று நீவெஸுக்குக் கண்முன் தெரிந்தது. குவெர்ரீனோ வாங்குவார், சக்கரம் நிற்கும். லோரிஸிடம் திருப்பிக் கொடுப்பார், சக்கரம் நடுங்கும். சமையலறையில் அவள் தனியாகப் பார்த்ததை லோரிஸ் மேடைமேல் நின்றுகொண்டு, நேரியோவுக்குப் பக்கத்தில், வேலியோரம் நிற்கிற இத்தனை சனத்துக்கும் முன்னால் பார்ப்பான். குவெர்ரீனோ எழுந்து வந்து கையை நீட்டிவிட்டார்.

நீவெஸ் வண்டியை அப்படியே தூக்கினாள்.

"சர்வோ போச்சு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "நாங்க விலகிக்கறோம்! விலகிக்கறோம்!"

"நீவெஸ்! கீழ வை! என்ன பண்றே? வை கீழ!"

மேடையிலிருந்து லோரிஸ் கத்தியதற்கு அவள் திரும்பிப் பார்க்கவில்லை. புகைக்குழாயில் துணியை அமுக்கி இன்ஜினை அணைத்தாள். வேலியோரத்தில் நின்றவர்கள் வழிவிட்டார்கள், யாரோ ஐயோ பாவம் என்றார்கள். அவள் கூடாரத்தை அடைவதற்குள் பின்னால் ஹாரன் அடித்தது, வண்டிகள் எல்லாம் ஒரே கூச்சலாகக் கிளம்பின. காப்பாற்றிவிட்டோம் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

லோரிஸ் வந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். வண்டியைத் திருப்பிப் போட்டுத் திருகாணிகளைக் கழற்றி, சர்வோவை வெளியே எடுத்து மூடியைத் திறந்தான். கண்ணருகே வைத்துப் பார்த்தான். சின்னப் பற்சக்கரங்களை நகத்தால் ஒவ்வொன்றாக உருட்டினான்.

"எங்க போச்சு?" என்றான். "காட்டு. எந்தப் பல்லு போச்சு?"

"லோரிஸ்..."

"புதுசு மாதிரி இருக்கு. எல்லாமே புதுசு மாதிரிதான் இருக்கு. வீட்ல டப்பால கிடக்கற எல்லாமே. நான் என்ன பைத்தியமா, நீவெஸ்?"

"சர்வோ இல்லை, லோரிஸ். கை. உன் வலது கை."

சொல்லிவிட்டாள். ஓடுபாதையில் வண்டிகள் கூடாரத்தைக் கடந்து போயின, மறுபடியும் கடந்து போயின. லோரிஸ் சர்வோவைத் துணியின் மேல் வைத்தான். வலது கையை மேசையில் மல்லாக்க வைத்து அதைப் பார்த்தான். கட்டைவிரல், எதையோ உருட்டுவது போல, மெல்ல ஆடியது.

"எப்பலேர்ந்து உனக்குத் தெரியும்?"

"தக்காளி போட்டோமே, அப்பலேர்ந்து. ரிமோட்டை என் கைல வாங்கினா நின்னுடுச்சு. உன் கைல வெச்சா..."

"பேட்டரியை டெஸ்ட் பண்ற மாதிரி என்னை டெஸ்ட் பண்ணியா?"

"நீதானே சொன்னே. வந்தா எங்கிட்ட சொல்லாதேன்னு கார்ல உக்காந்துக்கிட்டு நீதானே சொன்னே!" அவள் அழுகையும் கோபமுமாகக் கத்தினாள். "நான் என்ன பண்ணுவேன்? உங்கப்பா மாதிரி நீயும்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"அது அப்பாவைப் புதைச்ச அன்னைக்குச் சொன்னது. அன்னைக்கு நான் என்ன சொன்னா என்ன?" அவன் கையை மூடினான், திறந்தான். பிறகு கேட்டான். "அதனாலதான் நட்டைத் தளர்த்தினியா? சக்கரம் ஆடறது தெரியக் கூடாதுன்னு?"

அவள் தலையாட்டினாள்.

"அப்ப அரையிறுதில நான் மோதினது?"

அவள் நட்டைப் பார்த்தாள்.

"என் கை இல்லை. உன் நட்டு." அவன் குரல் உடைந்தது. "நீவெஸ், ஓட ஆரம்பிச்சா அது வராது. சும்மா நிக்கறப்பதான் வரும். காத்துக்கிட்டு நிக்கற நேரத்துல மட்டும்தான். நான் டென்ஷன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். வண்டி கிளம்பின அடுத்த நொடி என் கை கல்லு மாதிரி நிக்கும். ஓடறப்ப ஒருநாளாவது பார்த்தியா நீ?"

பார்க்கவில்லை. நின்றுகொண்டிருந்த சக்கரத்தை மட்டுமே அவள் பார்த்திருந்தாள். கீறல் எங்கே என்று தேடுகிறவளுக்குக் கீறல் மட்டும்தான் கண்ணில் படும். அவன் ஓட்டிய வருஷங்களையெல்லாம் கீழே நின்று பார்த்தவள், பயம் வந்த நாளிலிருந்து அவன் ஓட்டுவதையே பார்க்கவில்லை. அவன் கை நன்றாக இருக்கிற நேரத்தைத்தான் அவள் இன்று கோட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சர்வோவை எடுத்தாள். மூடியை மூடி, பெட்டியை அதன் இடத்தில் வைத்துத் திருகாணிகளைப் போட ஆரம்பித்தாள். அவள் விரல்கள் வேகமானவை.

"என்ன பண்றே?"

"அரை மணி நேர ரேஸ். ஓடையோட கதவு திறந்துதான் இருக்கு. எப்ப வேணா சேந்துக்கலாம்."

"எத்தனை சுற்று போயிருக்கும், தெரியுமா? கடைசிதான் வருவோம்."

"கடைசி வா. மேல போடா."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு ரிமோட்டை எடுத்துக்கொண்டு போனான், முதலில் நடந்து, பிறகு ஓட்டமாக.

அவள் வண்டியோடு ஓடைக்கு வந்தபோது லோரிஸ் மேடைமேல் குவெர்ரீனோவின் மேசைக்கு முன் நின்றுகொண்டிருந்தான். யாரும் கேட்காமலே ரிமோட்டை நீட்டினான். குவெர்ரீனோ வாங்கிக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். நீவெஸ் வண்டியைத் தரையில் வைத்துக் கையை எடுத்தாள். சக்கரங்கள் அசையவில்லை. குவெர்ரீனோ ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்தார். சக்கரங்கள் நடுங்கின. அவர் சக்கரங்களைப் பார்த்தார். லோரிஸின் கையைப் பார்த்தார். லோரிஸ் கையை மறைக்கவில்லை.

"ரேடியோல ஒரு கோளாறும் இல்லை," என்றார் குவெர்ரீனோ ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு. அவர் உதடு அசைந்ததை வைத்துத்தான் நீவெஸ் புரிந்துகொண்டாள். "போ, ஓட்டு."

நீவெஸ் இன்ஜினை உயிர்ப்பித்து வண்டியை விட்டாள். இந்தத் தடவை கண்ணை எடுக்காமல் பார்த்தாள். மஞ்சள் வண்டி நேர்ப்பாதையில் போனது, முதல் வளைவில் கோடு கிழித்த மாதிரித் திரும்பியது, இரண்டு மேடுகளையும் ஒரே பாய்ச்சலில் தாண்டியது. நான்காம் வளைவு வந்தது. குழாய்க்கும் சக்கரத்துக்கும் நடுவே கையகலம் இடம் விட்டு அவன் திருப்பிக்கொண்டு போனான். மேலே நிமிர்ந்து பார்த்தாள். அவன் கை நிதானமாக இருந்தது. ரிமோட் அசையவே இல்லை. எல்லாருக்கும் பின்னால், ஜெயிக்கவே முடியாத இடத்தில், அவன் இத்தனை நாளில் ஓட்டாத அழகோடு ஓட்டிக்கொண்டிருந்தான். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் பயம் அப்படியேதான் இருந்தது, அது எங்கும் போய்விடவில்லை. நாளைக்கு டாக்டருக்குப் போன் பண்ண வேண்டும்.

"எண்ணெய்!" என்று மேலிருந்து குரல் வந்தது.

மஞ்சள் வண்டி ஓடைக்குள் திரும்பி அவள் முன்னால் வந்து நின்றது. இடது கையால் வண்டியின் மூக்கை முன்சக்கரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மூடியைத் திறந்து எண்ணெயை ஊற்றினாள். நின்ற மாத்திரத்தில் சக்கரங்கள் நடுங்க ஆரம்பித்தன. இடம், வலம். அவள் உள்ளங்கைக்குள் அது தெரிந்தது. ஸ்வெட்டர் கையால் அவள் அதை மூடவில்லை.

மாமனாரின் வண்டிக்காகப் பக்கத்தில் எண்ணெய்ப் புட்டியோடு காத்திருந்த சில்வானோ குனிந்து பார்த்தான். "என்ன நீவெஸ், சர்வோவை மாத்தலியா? இன்னும் நடுங்குதே!"

"சர்வோவுக்கு ஒண்ணும் இல்லை," என்றாள் நீவெஸ். இன்ஜின் சத்தத்தில் கேட்காதோ என்று குரலை உயர்த்தித் திரும்பவும் சொன்னாள். "சர்வோ நல்லாத்தான் இருக்கு, சில்வானோ. அது லோரிஸோட கை."

சில்வானோ நிமிர்ந்து மேடையைப் பார்த்தான். மேடையிலிருந்து லோரிஸ், "விடு, நீவெஸ், விடு!" என்று கத்தினான். அவள் மூடியை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தாள். வண்டி கிளம்பிப் போயிற்று.